இரண்டாவது கியர் விழாத வண்டி

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் "மாமா" என்று என் வீட்டுக்காரர் பேச்சை நான் எடுத்ததுமே உனக்கு எங்கிருந்தோ வேலை வந்துவிடுகிறது, வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம். பதிலை வீட்டுக்குப் போடாதே, கண்ணாடிக் கடைக்குப் போடு. பகல் முழுக்க லென்ஸ் தேய்த்துக்கொண்டு அங்கேதான் இருக்கிறேன்.

நீ உன் பட்டறையில் சரிபண்ணிக் கொடுத்த காரைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படி. கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. முன்பு எப்போதாவது வந்தது, இப்போது தினமும் வருகிறது. நேற்று நானும் குட்டியோடு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெரு எப்படி இறங்குகிறது என்று உனக்குத் தெரியும். மேலே வீடு, கீழே லாரி போகிற பெரிய ரோடு, அதைத் தாண்டி குட்டியின் பள்ளிக்கூடம். பாதி இறக்கத்தில் மாமா மூன்றிலிருந்து இரண்டுக்குப் போட்டார். விழவில்லை. வண்டி எந்தக் கியரும் இல்லாமல் தானாக ஓடியது. ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் பிரேக்கில் நின்றது.  தினமும் காலையில் குட்டியை அதில்தான் அனுப்புகிறேன். "பை" சொல்லிவிட்டு, சத்தம் கீழே போய் அடங்கும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

மாமா என்ன சொல்கிறார் என்று உனக்கே தெரியும். "உன் தம்பி பழைய டப்பாவைத் தொடச்சுப் பளபளன்னு ஆக்கி நம்ம தலையில கட்டிட்டான்." போன வருடம் அம்மா வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்ன அதே வசனம். நீ மட்டும் என்று நினைக்காதே. செருப்பு காலில் நிற்காமல் கழன்று விழுகிறதாம், தைத்தவன் திருடனாம். வாசற்படி தடுக்குகிறதாம், தச்சனுக்கு அளவு தெரியாதாம். மொட்டைமாடிப் படி செங்குத்தாம், அதனால் தண்ணீர்த் தொட்டியை இப்போது நான்தான் ஏறிப் பார்க்கிறேன். அந்த வரிசையில் நீயும் ஒருவன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம் என்று எழுது.

அக்கா


ஜூன் 8

அக்கா,

அந்தக் கியர்பாக்ஸை நான் என் கையால் இறக்கி, பிரித்து, கழுவி, உள்ளே இருக்கிற பித்தளை வளையங்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு மூடியவன். வேறு யாருக்காவது என்றால் பழையதையே துடைத்துப் போட்டிருப்பேன். உனக்கு என்பதால் புதிது. இதை உன் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம், சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஓடுகிற பல் ஒரு வேகத்தில் சுற்றும், சேர வேண்டிய பல் வேறு வேகத்தில் சுற்றும். நடுவில் அந்த வளையம் தேய்ந்து கொடுத்து இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். அப்புறம்தான் கியர் விழும். கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை என்றாலும் கரகரக்கும், ஆயில் கெட்டுப்போனாலும் கரகரக்கும். முதலில் கியர் ஆயிலை மாற்று. அடுத்து கிளட்ச் கேபிளைக் கொஞ்சம் இழுத்துக் கட்டச் சொல். தெருமுனைப் பட்டறைக்காரர் போதும், ஆனால் பாக்ஸைத் திறக்க விடாதே.

உன் கடிதத்தில் பயம்தான் நிறைய இருக்கிறது, விவரம் இல்லை. எந்தக் கியரில்? வண்டி சூடான பிறகா, எடுத்தவுடனா? ரிவர்ஸில் கத்துகிறதா? பயத்தை எழுதாதே, சத்தத்தை எழுது. சத்தம் இருந்தால் நான் இங்கிருந்தே சொல்லிவிடுவேன்.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

சத்தத்தை எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். கேட்டிலிருந்து பின்னால் எடுக்கும்போதே ஒரு கரகர. ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒன்று. இரண்டுக்கு இறக்கும்போதுதான் பெரிய சத்தம், அக்கம்பக்கத்தில் ஜன்னலைத் திறந்து பார்க்கிறார்கள். காலை, மாலை, சூடு, குளிர் எல்லாம் ஒன்றுதான். ஆனால் சில நாள் சத்தமே இல்லாமல் அழகாக இறங்கிப் போகிறது, அதுதான் எனக்குப் புரியவில்லை.

பட்டறைக்காரர் கேபிளை இழுத்துக் கட்டினார். அப்பாடா என்று இருந்தது, சில நாள் நன்றாக விழுந்தது. பிறகு பழைய கதை. ஆயிலையும் மாற்றினார், அதில் ஒரு மாற்றமும் இல்லை. வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துக் காட்டினார், பொன்பொடி மாதிரி ஏதோ மினுங்கியது. "உங்க தம்பிகிட்ட கேளுங்க" என்று சிரித்தார்.

எந்தக் கியர் எந்தப் பக்கம் என்று எனக்கே மறந்துபோய் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த குட்டி தலையைத் தூக்காமலே, "ஒண்ணு மேல, ரெண்டு நேரா கீழ, ரிவர்ஸுக்கு அமுக்கித் தள்ளணும்" என்கிறாள். மூன்றாம் வகுப்பு. உன் மருமகள் உன் பட்டறைக்குத்தான் வாரிசு, வேறு எதற்கும் ஆக மாட்டாள்.

இன்னொரு பயம். அவள் இப்போது முன் சீட்டில்தான் உட்காருவேன் என்கிறாள். பின்னால் போ என்றால் அழுது ஊரைக் கூட்டுகிறாள். மாமாவும் "இருக்கட்டும் விடு, எனக்குப் பேச்சுத் துணை" என்கிறார். என் பேச்சு எடுபடவில்லை.

அக்கா


ஜூன் 19

அக்கா,

மினுங்கியது பித்தளை. கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அந்த ஆளுக்குச் சிரிக்க ஒரு சாக்கு வேண்டும்.

ரிவர்ஸும் கத்துகிறது என்று எழுதினாய் பார், அது விவரம். ரிவர்ஸுக்கு அந்த வளையமே கிடையாது. அங்கேயும் கத்தினால் வளையத்தின் மேல் பழி போட முடியாது. கிளட்ச் அடிவரை போகவில்லை. மிதியடி சுருண்டு பெடலுக்குக் கீழே போய் மாட்டியிருக்கும், பாதி வண்டிகளில் கோளாறு அதுதான். குனிந்து பார்.

இன்னொன்று, நீயே ஓட்டிப் பார். லைசென்ஸ் எடுத்தது பீரோவில் பூட்டி வைக்கவா? நான் சொல்லிக் கொடுத்தபோது என்னைவிட நன்றாக ஓட்டினாய். கிளட்சை அடிவரை மிதி, ஒரு மூச்சு விடு, அப்புறம் கியரைப் போடு. சத்தத்தை எழுது.

தம்பி


ஜூன் 23

தம்பி,

ஓட்டினேன். ஞாயிறு மதியம் அவர் தூங்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு போனேன். நீ சொன்னபடி கிளட்சை அடிவரை மிதித்தேன். கேட்டிலிருந்து பின்னால் எடுத்தேன், சத்தம் இல்லை. இறக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன், சத்தம் இல்லை. கீழே போய்த் திருப்பி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கினேன். ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

திரும்பி வந்தால் மாமா கேட்டில் நிற்கிறார். "எப்படி இருந்துச்சு?" என்றார். "ஒரு சத்தமும் இல்லையே" என்றேன். சந்தோஷப்படுவார், அல்லது உன் தம்பி பேச்சைக் கேட்டியா என்று சண்டை போடுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. முகம் வெளுத்துப்போய், கேட்டைப் பிடித்தபடியே நின்றார். 

மிதியடி சுருளவில்லை, சப்பையாகத்தான் கிடக்கிறது. கிளட்ச் பெடலுக்கு முன்னால் மட்டும் ரப்பர் தேய்ந்து ஒரு கோடு விழுந்திருக்கிறது. எதையோ தினமும் அங்கே இழுத்த மாதிரி.

அக்கா


ஜூன் 27

அக்கா,

இன்று கடைக்குப் போன் செய்தேன். உன் முதலாளி பக்கத்தில் இருந்தார் போல, "சரி, சரி" என்று வைத்துவிட்டாய். நான் சொன்னது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

கியர்பாக்ஸுக்கு ஆள் தெரியாது. கெட்டுப்போன பாக்ஸ் உனக்கும் கத்தும், அவருக்கும் கத்தும். அவருக்கு மட்டும் கத்துகிறது. கேபிளை இழுத்துக் கட்டினால் பெடலைக் கொஞ்சம் குறைவாக மிதித்தாலும் கிளட்ச் பிரியும். அதனால்தான் சில நாள் நன்றாக இருந்தது. பிறகு அந்தக் குறைந்த அளவுக்குக்கூட மிதி போதவில்லை.

உன் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். செருப்பு கழல்கிறது. வாசற்படி தடுக்குகிறது. மாடிப்படி ஏறவில்லை. எந்தக் கால் செருப்பு என்று நீ எழுதவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

வண்டிக்கு ஒன்றும் இல்லை, அக்கா. மாமாவுக்கு இடது காலில் பலம் இல்லை. என்ன காரணமோ தெரியாது, அதை டாக்டர் சொல்லட்டும். அதுவரை அவர் அந்த வண்டியைத் தொடக் கூடாது. குட்டியை நடத்தியே கூட்டிப் போ.

சத்தத்தை எழுது, பயத்தை எழுதாதே என்று பெரிய மனிதனாகச் சொன்னேன். இன்று காலையிலிருந்து ஸ்பேனரையே தொடவில்லை.

தம்பி


ஜூலை 1

தம்பி,

ஒரு வண்டியின் பெயரைக் காப்பாற்ற ஒரு மனுஷனை நொண்டி ஆக்கப் பார்க்கிறாய். உன் கடிதத்தைப் படித்தபோது பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்ன ஒரு சொல்லை ஒரு வருடமாக மனதில் வைத்திருந்து இப்படித் தீர்த்துக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை.

நேராகவே கேட்டேன். "கால்ல ஏதாவது பிரச்சினையா?" சிரித்தார். "உன் தம்பி டாக்டருக்கும் படிச்சிருக்கானா?" என்றார். எழுந்து இடது காலை மட்டும் ஊன்றி நின்று காட்டினார். பீரோவைப் பிடித்துக்கொண்டுதான், ஆனாலும் நின்றார். அது எனக்குப் போதும்.

கடைக்கு இனிப் போன் செய்யாதே. எழுதவும் வேண்டாம்.


ஜூலை 3

தம்பி,

குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். நெற்றியில் வீக்கம், அவ்வளவுதான். மாமாவுக்கும் அடி இல்லை.

நேற்றுக் காலை கேட்டில் நின்றேன். கீழே கரகரவென்று ஒரு சத்தம், மறுபடி ஒரு சத்தம், அதன்பின் சத்தமே இல்லை. கியர் இல்லாமல் உருள்கிற வண்டிக்குச் சத்தம் இருக்காது என்று இப்போது எனக்குத் தெரியும். ஓடினேன். செருப்பில்லாமல் அந்த இறக்கத்தில் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. பிரேக் பிடிக்கப் போன வலது காலுக்குக் குறுக்கே இடது கால் வந்து கிடந்திருக்கிறது. வண்டியை வளைத்துக் கடைசி வீட்டு மதில் மேல் மோதவிட்டிருக்கிறார். அதைத் தாண்டினால் ரோடு. ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது.

குட்டி அழவில்லை. என்னைப் பார்த்ததும் என்ன சொன்னாள் தெரியுமா? "நான் சரியாத்தான் போட்டேம்மா. அப்பா 'இப்ப'ன்னு சொன்னதும்தான் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். இடது கால் மேல் அவர் இடது கையை வைத்து, முட்டியை அமுக்கித்தான் கிளட்சை மிதிப்பாராம். அப்போது கியர் போடக் கை இல்லை. அதனால் "இப்ப" என்பாராம், இவள் கியரைப் போடுவாளாம். சரியாக விழுந்தால் பாராட்டுவாராம். கத்தினால் "பரவால்ல, நாளைக்குப் பார்ப்போம்" என்பாராம். அம்மாவிடம் சொன்னால் விளையாட்டு கலைந்துவிடும் என்றாராம். சத்தம் வராத நாளெல்லாம் அவள் நன்றாகப் போட்ட நாள். இத்தனை நாளாக என் பெண்தான் அந்த வண்டிக்குக் கியர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கேட்டில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னாய். நான் திட்டினேன். 

அக்கா


ஜூலை 6

அக்கா,

நீ திட்டியதை நான் அப்போதே மறந்துவிட்டேன். எழுத வேண்டாம் என்றாயே, அது மட்டும்தான் உறைத்தது.

நேற்றுப் போனில் பேசியபடி வண்டியை லாரியில் ஏற்றி என் பட்டறைக்கு அனுப்பிவிடு. அது உன் வாசலில் நிற்கக் கூடாது. அவர் மறுபடி ஏறுவார் என்பதற்காக இல்லை, நீ தினமும் அதைப் பார்ப்பாய். டாக்டரிடம் போக அவர் முரண்டு பிடித்தால் என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே வரச் சொல், வருவார்.

குட்டியை யாரும் திட்ட வேண்டாம். அவள் போட்ட கியர் அத்தனையும் சரி. 

தம்பி


ஜூலை 12

தம்பி,

ஸ்கேன் எடுத்தாயிற்று. முதுகெலும்புக்குள் ஒரு கட்டி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்திக்கொண்டு இருக்கிறதாம். படத்தில் அதைத் தொட்டுக் காட்டினார் டாக்டர். தினமும் லென்ஸில் பொட்டு அளவு கீறலைத் தேடிக் கண்டுபிடிக்கிறவள் நான், என் பக்கத்தில் படுத்திருக்கிறவர் முதுகில் இருப்பது தெரியவில்லை.

டாக்டர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். "எப்போதிலிருந்து?" மாமா "போன மாசம்தான்" என்கிறார். டாக்டர் முகம் சுருங்குகிறது. ஒரே மாதத்தில் கால் இவ்வளவு தளர்ந்தால் கட்டி வேகமாக வளர்கிற வகையாம், அதற்கு வைத்தியமே வேறாம். கத்தி வைப்பதா, முதலில் மருந்தா என்று யோசிக்கிறார்கள். அந்த "வேறு" என்ற சொல்லை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. எத்தனை நாளாக இந்தக் காலோடு குட்டியை ஏற்றி ஓட்டினார் என்பது வெளியே வந்துவிடும் என்று வெட்கம். கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிறார். அவர் வாயைத் திறக்க வைக்க எனக்கு வழி தெரியவில்லை.

அக்கா


ஜூலை 16

அக்கா,

வண்டி வந்து சேர்ந்ததும் பாக்ஸைத் திறந்தேன். இரண்டாவது கியரின் வளையத்தைக் கழற்றி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். ஓரத்தில் இருக்கிற சின்னப் பற்களை விரலால் தடவிப் பார். புதிதாக நான் போட்டபோது கூராக இருந்தவை. இப்போது மழுங்கி வழவழவென்று இருக்கின்றன. நீ அன்று நிதானமாக ஓட்டியதால்தான் இது உனக்குக் கத்தாமல் தாங்கியிருக்கிறது.

ஒரு மாதக் கரகரப்பில் பித்தளை இவ்வளவு தேயாது. இந்த வேலையில் எனக்குச் சந்தேகமே வராத விஷயம் இது ஒன்றுதான். ஒரு வருடம், அதற்கு மேலும் இருக்கும். அந்தப் பொன்பொடியை நீ எழுதியபோதே நான் யோசித்திருக்க வேண்டும், பட்டறைக்காரர் மேல் எரிச்சலில் விட்டுவிட்டேன்.

டாக்டரிடம் இதைக் காட்டி என்ன பயன், அவர் மாமா வாயால் கேட்பார். மாமா கையில் கொடு. ஒன்றும் கேட்காதே. அவர் வண்டி ஓட்டுகிறவர், தடவிப் பார்த்தால் புரியும்.

தம்பி


ஜூலை 20

தம்பி,

கையில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தடவினார். 

"வண்டி வந்து மூணாவது மாசமே கால் சொன்னபடி கேக்கல" என்றார். "முதல்ல மரத்துப்போச்சுன்னு நெனச்சேன். உங்க அம்மா வீட்டுக்கு வந்தப்போ கேட் முன்னால எல்லாரும் பார்க்கக் கியர் கத்துச்சு. உன் தம்பி என் காலையே பார்த்தான். கண்டுபிடிச்சுட்டானோன்னு பயந்துட்டேன். அதான் டப்பா வண்டின்னு சத்தம் போட்டேன்." நீ அவர் காலைப் பார்த்தாயா, தம்பி? பார்த்திருக்க மாட்டாய். நீ சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பாய். ஒரு வருடச் சண்டை இப்படி வந்தது.

பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "அவ கையில உயிரைக் கொடுத்து ஓட்டுனேன்" என்றார். எனக்குக் கோபம் வர வேண்டும், வந்தது, இன்னும் இருக்கிறது. ஆனாலும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரிடம் அவரே சொன்னார். ஒன்றரை வருடம் என்று கேட்டதும் டாக்டர் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் மெதுவாக வளர்கிற வகையாகத்தான் இருக்கும், எடுத்துவிடலாம் என்கிறார். கால் எவ்வளவு திரும்பும் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாதாம். நரம்பைத் தொட்டு எடுக்க வேண்டும், கை தவறினால் இரண்டு காலும் போகலாம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன். எனக்குப் பயத்தைத் தவிர எழுத வேறு எதுவும் இல்லை, மன்னித்துக்கொள்.

"உன் தம்பிகிட்ட சொல்லு, அது நல்ல பாக்ஸ்" என்றார்.

அக்கா


ஜூலை 23

அக்கா,

நல்ல பாக்ஸ்தான். ஆனால் அவர் வந்து மறுபடி எல்லார் முன்னாலும் டப்பா என்று திட்டட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். இதை அவரிடம் சொல்.

வியாழக்கிழமை பட்டறையைத் திறக்க மாட்டேன். போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

தம்பி


ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

போனில் உன்னிடம் "முடிஞ்சுது, நல்லா இருக்கார்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.  நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

குட்டியை முதல் தடவையாக உள்ளே விட்டார்கள். கட்டிலுக்கு இடது பக்கம் போய் நின்றாள். அந்த நேரத்தில் டாக்டர் வந்தார். மாமாவின் இடது பாதத்தின் அடியில் தன் உள்ளங்கையை வைத்து, "எங்க, மிதிங்க பார்க்கலாம்" என்றார். மாமா கண்ணை மூடிப் பல்லைக் கடித்தார். ஒன்றும் அசையவில்லை. இன்னொரு தடவை என்றார் டாக்டர். அசையவில்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது மாமா கண்ணைத் திறந்து குட்டியைப் பார்த்தார். பழக்கத்தில்தான் வந்தது, யோசித்துச் சொல்லவில்லை. "இப்ப" என்றார்.

குட்டியின் வலது கை தானாக எழுந்து, காற்றில் நேராகக் கீழே இழுத்தது. இரண்டாவது கியர்.

"மிதிக்கிறார்" என்றார் டாக்டர். "கொஞ்சம்தான், ஆனா மிதிக்கிறார்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா அழுதுகொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன், சந்தோஷம்தான், ஏன் இல்லை. ஆனால் அந்தச் சின்னக் கை எழுந்ததைப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ராத்திரி தூக்கத்தில்கூட அவள் விரல் மூடித் திறக்கிறது.

வண்டியை விற்றுவிடவா என்று முன்பு போனில் கேட்டிருந்தாய். வேண்டாம். புது வளையம் போட்டு, முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி, நீயே ஓட்டிக்கொண்டு வா. மாமா உன்னை வரச் சொல்கிறார், வாயால் சொல்லவில்லை, ஆனால் தினமும் "அவன் பட்டறைக்கு லீவு விடமாட்டானா" என்று கேட்கிறார். அவர் நடக்க இன்னும் நாள் ஆகும். இனி நான் ஓட்டுகிறேன். குட்டிக்குப் பின் சீட்டுதான், அழுதாலும் சரி.

அக்கா